கொங்கன் படையும் குண்டளை ரயிலும்

சித்தூரில் கொங்கன் ஒவ்வொரு வருஷமும் தோற்கிறான். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் சித்தூர். கும்ப மாதத்தில் பகவதி கோயில் திருவிழாவாக நடக்கும் கொங்கன் படை, ஊரே சேர்ந்து நடத்தும் ஒரு போர். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்தான், ஊர்க்காரர்கள் பகவதியிடம் முறையிட்டார்கள், அவளே களத்தில் இறங்கி அவனை வீழ்த்தினாள் என்பது கதை. அந்தக் கதையை யாரும் மேடையேறிச் சொல்வதில்லை. கொங்கன் போருக்கு அழைக்கும் ஓலையை ஊரார் முன் வாசிக்கிறார்கள். கொங்கன் படையாகச் சிலர் வருகிறார்கள், எதிர்த்து நிற்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். வேடிக்கை பார்க்க வந்தவன்கூடத் தெருவில் நின்றால் போருக்குள்தான் நிற்கிறான்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அந்தக் கதையில் எதிரியாக வருகிறவன் எங்கள் பாட்டன் வழி ஆள். ஆனாலும் திருவிழா என்றால் எங்கள் வீடுகளிலிருந்தும் கிளம்பிப் போவோம். கோயமுத்தூரில் படிக்கும் என் அக்கா மகனை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். செல்லிலும் கம்ப்யூட்டரிலும் ஆர்பிஜி கேம்களிலேயே கிடப்பவன். கொஞ்ச நேரம் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து கேட்டான்: “மாமா, இதுல கொங்கன் சைடு எடுத்து ஆடுனா என்ன முடிவு வரும்?”

அந்தக் கேள்வியை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நீளமான பதிவுக்குக் காரணமும் அதுதான்.

கேம் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம், ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டு ஆடுவது. சுடுவது, ஓடுவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: நீ யார், யாரோடு சேர்கிறாய், யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாய், அதனால் அந்த உலகத்தில் என்ன மாறுகிறது. 1974-இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் முன்னோடி. அதில் திரையே கிடையாது. மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் தங்கள் பாத்திரமாகப் பேசுவார்கள். கம்ப்யூட்டர் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

வேறொரு உலகத்துக்குள் புகும் இதே ஆசையைத்தான் தீம் பார்க் நடத்தும் பெரிய கம்பெனிகளும் வேறு வழியில் தொட்டன. படத்தில் பார்த்த உலகத்துக்குள் காலால் நடந்து போகலாம் என்பதுதான் டிஸ்னிலேண்ட் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. 2002-இல் ஜப்பானின் ஸ்குவேர் கம்பெனி டிஸ்னியோடு சேர்ந்து கிங்டம் ஹார்ட்ஸ் என்ற ஆர்பிஜியைக் கொண்டுவந்தபோது இரண்டு பாதைகளும் ஒன்றாயின. அதில் டொனால்ட் டக்கும் கூஃபியும் உங்களோடு கூட வந்து சண்டை போடுகிறார்கள். 2021 மார்ச்சில் ஒசாகா யுனிவர்சல் பூங்காவில் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டில் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். சுவரில் இருக்கும் கட்டையைத் தட்டினால் உங்கள் கணக்கில் காசு சேர்கிறது, சாவி சேர்கிறது, கடைசியில் ஒரு சண்டையும் உண்டு. பூங்காவே கேம் ஆகிவிட்டது.

இதன் உச்சம் ஃப்ளோரிடாவில் நடந்தது. ஸ்டார் வார்ஸ் கேலக்டிக் ஸ்டார்குரூஸர் என்று டிஸ்னி 2022 மார்ச்சில் ஒரு விடுதியைத் திறந்தது. இரண்டு ராத்திரி நீங்கள் விண்கப்பல் பயணி. கலகக்காரர் பக்கம் சேரலாம், ஆட்சிப் படை பக்கம் சேரலாம், கடத்தல்காரரோடு கூட்டுச் சேரலாம். நடிகர்கள் உங்கள் முடிவைப் பொறுத்துப் பேச்சை மாற்றுவார்கள். இரண்டு பேருக்கு ஏறத்தாழ 4,800 டாலர். உள்ளே போய் ஆடியவர்களில் பலர் உருகி உருகி எழுதினார்கள். ஆனால் 2023 செப்டம்பர் இறுதியில் மூடிவிட்டார்கள். என் பார்வையில் ஆட்டத்தில் பிழை இல்லை, நுழைவுச்சீட்டில்தான் பிழை. வேஷம் கட்டும் ஆசை ஏழைக்கும் உண்டு. சித்தூரில் அதற்குக் காசு வாங்குவதில்லை.

இனி எங்கள் பக்கம் வருகிறேன்.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. அதே வருஷம் அக்டோபரில் மலம்புழா அணையைத் திறந்துவைத்தார் காமராஜர். அப்போது மலம்புழா இருக்கும் மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது, அவர்தான் அங்கேயும் முதலமைச்சர். அணை வயலுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் கட்டப்பட்டது. ஆனால் அணையடித் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலக்காட்டுக்காரர்களின் விளையாட்டு மைதானம் ஆகிவிட்டது. ரோப்வே வந்தது. பாம்புப் பண்ணை வந்தது. சண்டிகரின் நேக் சந்த் கைவண்ணத்தில் பாறைத் தோட்டம் வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் ஃபேன்டஸி பார்க் வந்தது. கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பள்ளிகள் பஸ் பிடித்து வருகிற இடம் இது. அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில், 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் செய்த யக்ஷி உட்கார்ந்திருக்கிறாள். முப்பது அடி உயரம், திறந்த மேனி, காலை நீட்டி, மலையைப் பார்த்துத் தலையை அண்ணாந்து. ஊரில் எதிர்ப்பு கிளம்பியதையும் மீறி முடித்த சிலை அது. கேரளத்தின் யக்ஷிக் கதைகள் எல்லாம் சேர்ந்து ஓர் உருவம் எடுத்ததுபோல் இருப்பாள். அவளுக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள், ராட்டினத்துக்கு நகர்கிறார்கள். அவள் யார், அவளிடம் சிக்கினால் என்ன கேட்பாள், எப்படித் தப்பிப்பது என்று அங்கே வருகிற பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. உலகத்தின் எந்தப் பெரிய பூங்காவும் தன் நுழைவாசலில் நிறுத்த ஆசைப்படும் ஒரு பாத்திரம் அறுபது வருஷத்துக்குப் பக்கமாக அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் பூங்காக்களில் கதை இல்லாமல் போனதற்குத் தொழிலில் ஆள் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நவோதயா அப்பச்சனை நினைத்துப் பாருங்கள். 1984-இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்தவர். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம், மகன் ஜிஜோ இயக்கியது. பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் அந்தப் பாட்டுக் காட்சிக்காக ஓர் அறையையே சுழல வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். அதே அப்பச்சன்தான் 1995-இல் தாம்பரத்தில் கிஷ்கிந்தாவைத் திறந்தார். குட்டிச்சாத்தானைத் திரைக்குக் கொண்டுவந்தவர், சுக்ரீவன் நாட்டின் பெயரில் பூங்கா கட்டினார். நம் ஊர்க் கதையும் பொழுதுபோக்குத் தொழிலும் கைகோக்கும் வழியை அவர் தொட்டுக் காட்டினார். 2000-இல் கொச்சிக்குப் பக்கத்தில் வந்த வீகாலேண்ட், இன்றைய வண்டர்லா, நல்ல பூங்கா, பாதுகாப்பில் அக்கறை உள்ள பூங்கா. ஆனால் அதன் பிறகு தென்னாட்டில் பூங்கா என்றால் அலைக்குளம், சறுக்கு, ராட்டினம் என்று ஆகிவிட்டது. அப்பச்சன் தொட்ட பாதையில் அதிகம் பேர் நடக்கவில்லை.

சரி, கதைக்கு எங்கே போவது? பாரதப்புழைக் கரைக்குப் போங்கள்.

தோல்பாவைக் கூத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடம் இருக்கிறது. நாற்பத்திரண்டு அடி நீளத் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்குகள், தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றியவை. மான் தோலில் வெட்டிய பாவைகள். பாடுவது கம்பராமாயணம். ஆம், கேரளத்துக் கோயிலில், மலையாளிப் புலவர்கள், தலைமுறை தலைமுறையாக, கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடுகிறார்கள். தாரிகனைக் கொல்லப் போன பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றாம். அவளுக்காக வருஷந்தோறும் அந்தப் போரைத் திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள். சில கோயில்களில் ஏழு ராத்திரி, சிலவற்றில் இருபத்தொன்று, இன்னும் நீளுவதும் உண்டு. எதிரில் மனிதர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது, பார்ப்பவள் காளி. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆள் இல்லாத கூத்து அவரை அவ்வளவு பிடித்து இழுத்திருக்கிறது.

ஆர்பிஜி ஆடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது திரைக்குப் பின்னால் நடப்பதை. பாட்டு முடிந்ததும் பேச்சு தொடங்கும். ஒரு புலவர் விபீஷணனாகக் கேட்பார், இன்னொருவர் ராமனாகப் பதில் சொல்வார். பதிலில் குறுக்குக் கேள்வி, அதற்கு ஒரு கிளைக்கதை, இலக்கணம், ஜோதிடம், அறம் என்று எங்கெங்கோ போய் மறுபடி போர்க்களத்துக்கு வந்து சேரும். பாட்டு மாறாது, பேச்சு அந்தந்த ராத்திரிக்கு உரியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்கப் பிள்ளைகள் 1974-இல் தொடங்கியதை, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இவர்கள் எவ்வளவோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். கூனத்தறையின் கிருஷ்ணன்குட்டிப் புலவர் கோயிலுக்குள் இருந்த இந்தக் கலையை வெளி உலகத்துக்குக் கொண்டுபோனவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் இப்போது பெண்களும் குழு அமைத்து ஆடுகிறார்கள்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ என்ற கேமை என் அக்கா மகன் காட்டினான். நடுநடுவே கதை சொல்லும் காட்சிகளை நிழல் பாவைகளாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் ஏக்கமும் சேர்ந்து வந்தன. புனேக்காரர்களுக்குத் தோன்றியது பாலக்காட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அடுத்து ஒடியன். பாலக்காட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே ராத்திரி வரப்பில் நடக்கும் பயம் வரும். ஒடிவித்தை தெரிந்தவன் மருந்தைக் காதோரம் தடவிக்கொண்டால் காளையாவான், நாயாவான். அந்த உருவத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும் என்பார்கள், ஒரு கொம்பு இருக்காது, ஒரு கால் இருக்காது. அதைக் கவனித்துவிட்டால் பிழைத்தாய். மின்விளக்கு வந்த பிறகு ஒடியன் போய்விட்டான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2018 டிசம்பரில் மோகன்லால் நடித்து ‘ஒடியன்’ படம் வந்தது, கதைக்களம் பாலக்காட்டுத் தேங்குறிச்சி. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. ஒடியன் என்று பேசப்பட்டவர்கள் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பகலில் ஜமீன் வீட்டு முற்றத்தில் ஏற முடியாதவனைப் பார்த்து, ராத்திரியில் அந்த வீடே நடுங்கியது. இதை விட்டுவிட்டு வெறும் உருவம் மாறும் வித்தையை மட்டும் எடுத்துக் கேம் செய்தால் அது பாதிக் கதை. ஒடியனாக ஆடுகிறவனுக்குப் பகலும் வேண்டும். பகலில் குனிந்து நின்றவனுக்குத்தான் ராத்திரியின் அர்த்தம் தெரியும்.

யக்ஷியும் குட்டிச்சாத்தானும் சந்தையில் விலை போவார்களா என்ற கேள்விக்கு 2025-இல் வந்த ‘லோகா’ படம் பதில் சொல்லிவிட்டது. கள்ளியங்காட்டு நீலி என்ற யக்ஷியை இன்றைய பெங்களூருவில் நடமாட விட்டார்கள், மலையாளத்தின் மிகப் பெரிய வசூல்களில் ஒன்றாயிற்று.

ஊர்க் கதையை நம்பிக் கேம் செய்து ஜெயித்த நாடுகளும் கண்முன் இருக்கின்றன. போலந்தின் ‘விட்சர்’ அந்த மண்ணின் பேய் பிசாசுகளை வைத்து எழுதிய நாவல்களிலிருந்து வந்தது. 2011-இல் ஒபாமா அங்கே போனபோது அந்நாட்டுப் பிரதமர் பரிசாகக் கொடுத்தவற்றில் அந்த கேமும் இருந்தது. சீனாவின் ‘பிளாக் மித்: வூகோங்’ 2024 ஆகஸ்டில் வந்து மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. குரங்கு அரசன் கதை, நமக்கு அனுமனை நினைவூட்டும் கதை. அதற்காக 36 உண்மையான இடங்களைப் படம்பிடித்துக் கேமுக்குள் வைத்தார்கள், அவற்றில் 27 ஷான்ஷி என்ற ஒரே மாகாணத்தில். கேமில் பார்த்த கோயிலைக் கண்ணால் பார்க்க ஜனங்கள் ரயில் ஏறி அங்கே போனார்கள். யாரும் சீந்தாத பழங்கோயில்களின் வாசலில் வரிசை நின்றது.

கனடாவில் இருந்து வந்த ‘வெண்பா’வும் நினைவுக்கு வருகிறது. ஆர்பிஜி இல்லை, ஒரு புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. இட்லி ஊற்றுவதை உலகம் ரசித்து ஆடியது என்றால் கொங்கன் படையை ஆடாதா?

இதுவரை சமவெளிக் கதை. இடுக்கிப் பக்கம் வரும்போது என் பேச்சின் திசை மாறும். அங்கே பூங்காவே வேண்டாம் என்பேன்.

வாகமண்ணில் 2023-இல் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், கூட்டம் அலைமோதுகிறது. மூணாறு, குமுளி, ஆனச்சால் என்று மலையெங்கும் ஜிப்லைன், ஊஞ்சல், சாகசப் பூங்கா. பிழைப்புக்கு வழி என்பது எனக்குப் புரிகிறது, அங்கே வேலை செய்கிற பிள்ளைகளில் தோட்டத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரியை எப்படி மறப்பது? ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. எழுபது பேர் போனார்கள், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். இந்த மலை இன்னும் கான்கிரீட் தாங்காது.

கட்ட வேண்டியதைக் கேமுக்குள் கட்டுங்கள் என்பதுதான் என் வாதம். அங்கே மலை சரியாது, யானைப் பாதை அடைபடாது. கட்டுவதற்கு உரிய உலகமும் தயாராக இருக்கிறது: குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902-இல் மூணாறில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி விட்டார்கள், இழுத்தது மாடு. 1908-இல் அதைச் சிறிய அகல ரயில் பாதையாக்கி நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். தேயிலை மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து வான்வழிக் கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து போடி, அங்கிருந்து தூத்துக்குடி, கப்பல். இன்று டாப் ஸ்டேஷனில் செல்ஃபி எடுக்கிறவர்களில் அந்த ஊருக்குப் பெயர் வந்தது ரோப்வேயால் என்று தெரிந்தவர் குறைவு. 1924 வெள்ளம், மலையாளிகள் தங்கள் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்வது, அந்த ரயிலை மொத்தமாகக் கொண்டுபோயிற்று. மறுபடி கட்டவே இல்லை.

இந்த உலகத்தில் எத்தனை வேஷங்கள்! திருநெல்வேலியிலிருந்து மலையேறிய கொழுந்து பறிக்கும் பெண், ஆள் கூட்டி வந்த கங்காணி, வண்டி ஓட்டும் மாட்டுக்காரன், கம்பியில் மூட்டை ஏற்றுகிறவன், காட்டை அறிந்த முதுவான், வெள்ளைக்கார மேனேஜர். மழை வலுக்கும்போது யாரை எந்த லயத்திலிருந்து முதலில் இறக்குவாய்? அதைத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் ஆடுகிறவனை நிறுத்தினால் போதும், வாளும் மந்திரமும் தேவைப்படாது. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் மூணாறுத் தெருவை நிறைத்த பெண்பிள்ளை ஒற்றுமைப் போராட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதும் அந்த ஆட்டத்தில் தானாகவே புரிந்துவிடும்.

மலையில் புதிதாக எதையும் கட்டாமலே கதையைக் காப்பாற்றலாம் என்பதற்குக் குமுளி மங்கலதேவி கண்ணகி கோயில் நல்ல சாட்சி. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், எல்லைக் கோட்டின் மேல், இடிந்த கல் கட்டடம். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு, இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி வழி திறக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறுகிறார்கள், கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுகிறார்கள். சாயங்காலம் எல்லாரும் இறங்கியாக வேண்டும். மீதி நாளெல்லாம் காடு காட்டுக்கே. மலையில் கதையை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றுலாத் தலமாக்கி வருஷம் முழுக்கத் திறக்கச் சொல்கிற குரல்கள் எனக்குக் கவலை தருகின்றன.

என் அக்கா மகன் கேட்டதற்கு என் பதில்: கொங்கன் பக்கம் எடுத்து ஆடினாலும் அவன் தோற்கத்தான் வேண்டும், பகவதியின் ஊர் அது. ஆனால் தோற்பதற்கு முன் அவன் ஏன் வந்தான், வழியில் என்ன பார்த்தான், திரும்பி ஓடிய படையாட்கள் எந்த ஊரில் தங்கிக் குடும்பம் ஆனார்கள் என்பதை எல்லாம் ஆட்டம் சொல்லலாம். எல்லையின் இரண்டு பக்கமும் வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்விகள் சொந்தக் கேள்விகள்.

கோயமுத்தூரிலும் கொச்சியிலும் கேம் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புலவர்களிடம் போங்கள், அனுமதி கேளுங்கள், அவர்கள் பெயரைப் போடுங்கள், அவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுங்கள். கோயிலுக்குள் நடப்பதை அப்படியே பெயர்த்து எடுக்காதீர்கள், அதன் ஆடும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வாசகர்களில் போடி, கொட்டகுடி, மூணாறு, டாப் ஸ்டேஷன் ஆட்கள் இருந்தால் உங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. வீட்டில் பழைய ரயில், ரோப்வே படமோ தோட்டத்துச் சம்பளச் சீட்டோ கங்காணிக் கணக்குப் புத்தகமோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்து வையுங்கள். தாத்தா பாட்டி சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள்.